நரை யாருக்கு?

தமிழில் ஒருவரிடம் வாய் திறப்பதற்கு முன்பே அவர் வயதைத் தீர்மானித்தாக வேண்டியிருக்கிறது. ‘நீ’யா ‘நீங்க’ளா? தம்பியா, அண்ணனா, சாரா? பிறப்புச் சான்றிதழைக் கேட்டுவிட்டு யாரும் பேச ஆரம்பிப்பதில்லை. முகத்தைப் பார்க்கிறோம், அரை நொடியில் ஒரு எண்ணை ஊகிக்கிறோம், வாக்கியத்தை அதற்கேற்ப முடிக்கிறோம். முகம் எண்ணைத் தப்பாகச் சொன்னால் மரியாதையும் தப்பான இடத்தில் போய் விழுகிறது.

எனக்கு 35 வயது. பார்ப்பவர்கள் 25 என்கிறார்கள். இதில் லாபம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. புது டீமில் போய் “தெரியாது, சொல்லிக்கொடுங்க” என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கத்துக்குற வயசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். 40ஐத் தாண்டினால் வேலை என்ன ஆகுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும் துறையில், நரையில்லாத தலை ஒரு சின்னச் சேமிப்பு மாதிரி. நஷ்டமும் உண்டு. முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், மூன்று மாதமாக நான் வடிவமைத்த ஒன்றை ஒரு மணி நேரம் விளக்கி முடித்தேன். வாடிக்கையாளர் தரப்பில் வந்திருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி தம்பி, உங்க சீனியர் எப்ப வருவாரு?” என்றார்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. இளமையாகத் தெரியும் ஆண் தன்னை ஒருமுறை நிரூபித்தால் போதும். பெண் ஒவ்வொரு அறையிலும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். கூடவே அந்த இளமையின் மேல் விழும் பார்வைகளையும் சமாளிக்க வேண்டும். ஔவையார் பற்றி நம்மூரில் வழங்கும் கதை இதைத்தான் பேசுகிறது. கல்யாணப் பேச்சு வந்தபோது பிள்ளையாரிடம் வேண்டி முதுமையை வாங்கிக்கொண்டாராம். ஊர் ஊராகத் தனியே நடக்கவும், அரசர்களின் முன்னால் நின்று மனதில் பட்டதைச் சொல்லவும் ஒரு கிழவியின் முகம்தான் அவருக்கு வழிவிட்டது.

இதுவரை சொன்னது அவரவர் லாப நஷ்டம். இந்த இளமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் விஷயம் வேறு இடத்துக்குப் போகிறது.

2012இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ ஒரு புகைப்படத்தை வெளியிட்டது. 69 வயது ஆண். 28 வருடம் டெலிவரி டிரக் ஓட்டியவர். முகத்தின் வலது பாதி சாதாரணமாக இருக்கிறது. இடது பாதியில் தோல் தடித்து, பள்ளம் பள்ளமாகச் சுருங்கி, வேறொரு கிழவரின் முகத்தை எடுத்து ஒட்டியதுபோல் தொங்குகிறது. அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் உட்காருவது இடப்பக்கம். புறஊதாக் கதிர்களில் ‘பி’ வகையை ஜன்னல் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். தோலின் ஆழம்வரை போகும் ‘ஏ’ வகையை உள்ளே விட்டுவிடும். ஒரே ஆள், ஒரே பிறந்தநாள், ஒரே அப்பா அம்மா. ‘எல்லாம் ஜீன்’ என்று சொல்லித் தப்பிக்க அந்தப் படம் இடம் கொடுக்கவில்லை. வேலை எந்தப் பக்கம் வெயிலைக் காட்டியதோ அந்தப் பக்கம் மூப்படைந்துவிட்டது.

மணலி புதுநகரில் வளர்ந்தவர்களுக்கு இந்த மாதிரி முகங்கள் பழக்கம்தான். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் டிரெய்லர்கள் திருவொற்றியூர் – பொன்னேரி – பஞ்செட்டி சாலையில் நகர்ந்துகொண்டும் நின்றுகொண்டும் இருக்கும். வண்டி ஓரத்திலேயே சமையல், கேபினிலேயே தூக்கம், அதுவும் வரிசை நகரும்வரைதான். என்னோடு பத்தாவது வரை படித்த நண்பன் அப்படி ஒரு டிரெய்லர் ஓட்டுகிறான். 16 வயதில் கிளீனராக ஏறியவன். நாங்கள் பிறந்தது ஒரே வருஷம், ஒரே மாதம். ஒருநாள் டீக்கடையில் இருவரும் நின்றிருந்தபோது கடைக்காரர் என்னைக் காட்டி, “இன்னாண்ணே, அக்கா புள்ளையா?” என்று அவனிடம் கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “இது ஏசில வெச்ச பழம்ணே, கெடாம கீது. நானு வெயில்ல வெச்சது.”

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் என்றால் அந்தச் சிரிப்போடு விட்டுவிடலாம். 2009இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட டென்மார்க் ஆய்வு ஒன்று, 70 வயதைக் கடந்த 1,826 இரட்டையர்களை எடுத்துக்கொண்டது. புகைப்படத்தை மட்டும் காட்டி வயதை ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு யார் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று பார்த்தார்கள். ஒரு ஜோடியில் மூத்தவராகத் தெரிந்தவர் முதலில் இறக்கும் வாய்ப்பு அதிகம். தோற்ற வித்தியாசம் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடியது. ஆக, டீக்கடைக்காரர் விளையாட்டாக ஊகித்த எண்ணுக்குள் ஆயுளும் கொஞ்சம் இருக்கிறது.

‘இவ்வளவு வயசாகியும் நரைக்கவில்லையே, எப்படி?’ என்ற கேள்வி தமிழில் ரொம்பப் பழையது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் பார்த்தேயிராத நண்பனைத் தேடிப் பாண்டிய நாட்டிலிருந்து வந்தார் பிசிராந்தையார். அங்கிருந்த சான்றோர் அவரிடம் கேட்டது இதைத்தான். பதில் புறநானூற்றின் 191ஆம் பாட்டு. அதில் மூலிகை இல்லை, உணவுமுறை இல்லை, மனக்கட்டுப்பாடு பற்றிய பெருமை இல்லை. அவர் சொல்வது ஒரு பட்டியல்: மனைவி, பிள்ளைகள், ஏவல் செய்பவர்கள், அரசன், ஊரில் உள்ள சான்றோர். நான் நன்றாக வாழ்ந்தேன் என்று சொல்லவில்லை. என்னைச் சுற்றியிருந்தவர்கள் சரியாக இருந்தார்கள், அதனால் கவலை என்னிடம் வரவில்லை என்கிறார். இளமைக்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் படித்ததில்லை.

ஆனால் அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. அவருக்கு வராத கவலை எங்கே போனது? அந்த மனைவிக்கு நரைத்ததா? ஏவல் செய்தவர்களுக்கு? பாட்டு அதைச் சொல்லவில்லை. ஏவலர்களைக் குறிக்க அவர் போட்டிருக்கும் சொல் ‘இளையர்’. பணி செய்பவர்களுக்குச் சங்கத் தமிழில் வழங்கிய பெயர் அது. அவர்களின் வயது என்னவாக இருந்தாலும் சொல் அவர்களை இளையவர்களாக வைத்திருந்தது. நாமும் பெரிதாக மாறிவிடவில்லை. அலுவலகத்தில் டீ கொண்டுவரும் 50 வயதுக்காரர் ‘பையன்’. நம் மொழியில் இரண்டு இளமைகள் இருக்கின்றன. ஒன்று, பாரத்தை மற்றவர்கள் சுமந்ததால் ஒருவருக்கு முகத்தில் கிடைப்பது. இன்னொன்று, பாரத்தைச் சுமப்பவருக்குக் கூப்பிடும் பெயரில் மட்டும் கிடைப்பது.

என் பட்டியலையும் எழுதிப்பார்த்தேன். முதல் வரியில் அப்பா. தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் பார்த்துதான் என் இன்ஜினியரிங் ஃபீஸைக் கட்டினார். என் முகத்தில் இல்லாத பத்து வருஷம் அவர் முகத்தில் கூடுதலாக இருக்கிறது. அடுத்த வரியில் வீட்டு வேலையைத் தலையில் போட்டுக்கொண்ட அம்மா. அதற்கும் கீழே, நான் ஆர்டர் போட்ட பொருளை இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்த யாரோ ஒரு டிரைவர்.

மூப்பாகத் தெரிவதற்கு ஏழைகள் கொடுக்கும் விலை ஆயுளோடு முடிவதில்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 94ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வரப்பட்டவர் சிறார் என்பது தோற்றத்திலேயே தெளிவாக இருந்தால், அதைப் பதிவுசெய்து மேற்கொண்டு விசாரிக்கலாம். சந்தேகம் இருந்தால் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லையென்றால் எலும்புப் பரிசோதனை. வரிசை நியாயமானதுதான். ஆனால் 12 வயதில் பள்ளியை விட்டு மூட்டை தூக்கப் போன பையனின் 17ஆவது வயதை யோசியுங்கள். பால்மணம் மாறாத முகம் உள்ளவனுக்கு முதல் பார்வையிலேயே கிடைக்கும் பாதுகாப்புக்கு, இவன் காகிதம் தேடி அலைய வேண்டும். காகிதம் கிடைக்கும்வரை அவனிடம் இருப்பது வெயில் எழுதிய முகம் மட்டும்தான்.

முகத்தைப் பார்த்து வயதை ஊகிக்கும் பழக்கத்தை நாம் விட முடியாது, மொழி விடாது. அந்த ஊகத்தை வைத்து மரியாதையையும் பரிவையும் அளந்து கொடுப்பதை விடலாம். முகம் வயதைக் காட்டுவதைவிட உழைப்பைத்தான் அதிகம் காட்டுகிறது என்று தெரிந்த பிறகு, டீ வைக்கிறவருக்கும் ‘நீங்க’ போட்டால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. “வயசே தெரியலையே, என்ன ரகசியம்?” என்று யாராவது கேட்டால், பிசிராந்தையார் மாதிரி ஒரு பட்டியலைச் சொல்லலாம். சொல்லும்போது, பட்டியலில் இருப்பவர்களில் யார் யாருக்கெல்லாம் நரைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.