படித்தேன், சம்மதிக்கிறேன்

2009 ஜூலையில் அமெரிக்காவில் பல பேருடைய புத்தகங்கள் திடீரென்று காணாமல் போயின. திருடன் வரவில்லை. விற்ற கடையே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. கிண்டில் கருவியில் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்கள் அவை. விற்பனைக்குக் கொடுத்தவரிடம் உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் பிரதிகளை அழித்தது. பழைய எழுத்துகளை அரசாங்கமே அழிக்கிற கதையான '1984'-ம் அதில் ஒன்று என்பது தனி வேடிக்கை. ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

பணம்தான் வந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். விஷயம் பணமில்லை. டிஜிட்டல் கடைகளில் பட்டன் 'வாங்கு' என்கிறது. உள்ளே பொடி எழுத்தில், 'இது விற்பனை அல்ல, உபயோகிக்க அனுமதி மட்டுமே' என்று இருக்கும். வாசலில் ஒரு பேச்சு, கொல்லையில் ஒரு பேச்சு. இதற்காகவே கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம்: பின்னால் பிடுங்கிக்கொள்ளக்கூடிய சரக்கென்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக்கூடாது.

"படிக்காமல் 'சம்மதம்' அழுத்தினது உங்க தப்புதானே?" என்பார் வக்கீல் நண்பர். நியாயமான கேள்வி. பத்தில் ஒருத்தர் படிக்கவில்லை என்றால் அது அவர் அலட்சியம். அநேகமாக யாருமே படிப்பதில்லை, அது எழுதுகிறவருக்கும் தெரியும் என்றால்? அந்த நாற்பது பக்கமும் சொல்வதற்காக எழுதியதில்லை. சொன்னதாகக் கணக்குக் காட்ட எழுதியது. நம்முடைய 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், சம்மதம் என்றால் இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வது என்கிறது. பார்க்கவே பார்க்காத வாசகத்தில் ஒரே அர்த்தம் எங்கிருந்து வரும்? சட்டம் ஏதாவது சமாதானம் சொல்லிவிடும். மனசாட்சி?

2023-ல் ஃப்ளோரிடாவில் டிஸ்னி வளாகத்து உணவகத்தில் சாப்பிட்ட ஒரு பெண் ஒவ்வாமையால் இறந்துபோனார். கணவர் வழக்குப் போட்டார். டிஸ்னி வக்கீல்கள், அவர் 2019-ல் டிஸ்னி பிளஸ் சந்தாவைச் சோதனைக்கு எடுத்தபோது ஒப்புக்கொண்ட நிபந்தனையையும் காட்டி, 'கோர்ட்டுக்குப் போக முடியாது, தனி நடுவரிடம்தான் போகலாம்' என்றார்கள். ஊர் உலகமே திட்டிய பிறகு, 2024 ஆகஸ்டில் அந்த வாதத்தைக் கைவிட்டார்கள். படம் பார்க்கக் கொடுத்த சம்மதம் பெண்டாட்டியின் சாவு வரைக்கும் நீளுமா?

நிபந்தனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டிலிருந்து ஆன்லைனில் வீணை கற்றுத்தருகிற ஒரு டீச்சரம்மா, 'வீடியோவை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்' என்று கேட்பதில் என்ன தப்பு? அவர் உழைப்பு அது. ஆனால் அவரும் எங்கேயோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் நிபந்தனைகளைக் காப்பியடித்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டும்போதுதான் வம்பு. அவரே படிக்காததை மாணவர்கள் படித்ததாகச் சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது.

மளிகைக் கடையில் 'கடன் அன்பை முறிக்கும்' என்ற போர்டு கல்லாவுக்கு மேலே, கண்ணில் படுகிற இடத்தில் தொங்கும். மூன்றே வார்த்தை. ஒப்புக்கொள்ளாதவர் அடுத்த கடைக்குப் போகலாம். டீச்சரம்மாவுக்கும் முதல் பக்கத்தில் நாலு வரி போதும். என்ன கிடைக்கும், எத்தனை நாளைக்கு, அடுத்த மாதம் எவ்வளவு பணம் எடுப்போம், நிறுத்த எங்கே அழுத்த வேண்டும். மிச்சமெல்லாம் அதற்கப்புறம் வரட்டும். சேர ஒரு பட்டன், விலக ஒன்பது படி என்று வைப்பதை நம் அரசாங்கமும் 2023 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளில் 'சந்தாப் பொறி' என்று பெயரிட்டுத் தடுத்திருக்கிறது.

எழுதுகிறவர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: இதை வாடிக்கையாளர் நிஜமாகவே படித்துவிட்டால், அப்போதும் வாங்குவாரா? 'படிச்சா வாங்க மாட்டார்' என்று பதில் வந்தால், திருத்த வேண்டியது வாசகம் இல்லை சார், வியாபாரம்.