தனிமைக்குப் பின் கடலோர ஊர்

ஜப்பானில் காட்டிலோ மலையடியிலோ தனியாகக் கூடாரமிட்டுத் தங்கிய பின் வீடு திரும்புவோர், நெடுஞ்சாலையை விட்டு விலகி, கியோத்தோ மாகாணத்தின் வடகரையிலுள்ள இனே போன்ற மீனவ ஊர்களில் சற்றே நின்று செல்வது பெரிதும் பயனுடையது. அங்கு வளைகுடாவைச் சுற்றி ஏறத்தாழ 230 ‘ஃபுனயா’க்கள், அதாவது கீழ்த்தளத்தில் படகையும் மேல்தளத்தில் வலை முதலியவற்றையும் வைப்பதற்கென நீர்விளிம்பிலேயே எழுப்பப்பட்ட மரவீடுகள், வரிசையாக நிற்கின்றன. ஜப்பான் கடலில் ஓதத்தின் ஏற்றவிறக்கம் மிகக் குறைவாக இருப்பதும், வளைகுடாவின் வாயிலில் அவோஷிமா என்னும் தீவு அலைகளைத் தடுப்பதுமே இவ்வமைப்புக்கு இடமளித்தன. மனித அரவமற்ற இடத்தில் இரவைக் கழித்தவருக்கு, தலைமுறைகள் கடலோடு இணங்கி வாழ்ந்த இந்த ஒழுங்கு கூடுதல் தெளிவுடன் புலப்படும். இந்த ஃபுனயாக்களில் இன்றும் மக்கள் குடியிருப்பதால், வருவோர் அனுமதியின்றி உள்ளே நுழையாதிருத்தல் வேண்டும்.