சுவாசமும் உயிரும்

சைவப் பாடசாலைகளிலே கல்வி பயிற்றும் ஆசிரியர்களே,

உடலானது, உயிர் மலம் நீங்கிச் சிவத்தை அடைதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் உபகரித்தருளிய கருவி என்பது சைவசித்தாந்தத் துணிபு. கருவியின் இயல்பை அறியாதவன் அதனாற் காரியம் முடிக்கமாட்டான். ஆதலால், சரீர சாத்திரம் புறச்சமயத்தார்க்கே உரியதென்று ஒதுக்குதல் நமக்கு அடாது. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் மிஷனைச் சார்ந்தவரே. ஆயினும், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலே ஆக்குவித்துத் தமிழிலேயே கற்பித்த அவர் உபகாரம் நாம் மறக்கற்பாலதன்று.

இனி, சுவாச உறுப்புக்களின் அமைப்பை நோக்குவாம். மூக்கின் வழியே புகும் வாயு ஆங்குள்ள மயிராலும் சளியாலும் தூசு நீங்கி, வெம்மையும் ஈரமும் பெறுகின்றது. குரல்வளையின் மேல் ஒரு மூடி உண்டு. உணவு விழுங்கும்போது அது வாயுவின் வழியை அடைக்கும். உண்ணும்போது பேசுவார்க்குப் புரையேறுதல் இவ்வொழுங்கு பிறழ்தலினாலாம். குரல்வளையின் கீழுள்ள மூச்சுக்குழல், பின்புறம் திறந்த கசியிழைய வளையங்களால் தாங்கப்பட்டு, இரு கிளையாகப் பிரிகின்றது. வலச் சுவாசப்பை மூன்று சோணைகளும், இதயத்துக்கு இடங்கொடுத்தமையால் இடச் சுவாசப்பை இரண்டு சோணைகளும் உடையன. கிளைகள் மேன்மேலும் கிளைத்துச் சிற்றறைகளில் முடியும். அவற்றின் தொகை ஏறக்குறைய 30 கோடி முதல் 50 கோடி வரை என்ப. அவற்றின் மெல்லிய சுவரினூடே ஒட்சிசன் குருதியிற் கலக்க, காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. உட்கொள்ளும் வாயுவிலே நூற்றுக்கு 21 பங்காயிருந்த ஒட்சிசன், வெளிவிடும் வாயுவிலே 16 பங்காகக் குறையும்.

சுவாசப்பை தானே விரியும் தசையுடையதன்று. அதன் கீழுள்ள பிரிமென்றகடு தாழ, விலாவென்புகள் உயர, நெஞ்சறை விரிவடைந்து வாயு உட்புகும். அவை தளர, வாயு வெளிப்படும்.

ஒரு நாளிலே 21,600 சுவாசம் நிகழும் என்பது நம் யோக நூல் வழக்கு. நிமிடத்துக்கு 15 வீதம் 24 மணி நேரத்துக்குக் கணக்கிடின் அத்தொகையே வரும். வளர்ந்தோர்க்கு 12 முதல் 20 வரை என்பர் இக்கால வைத்தியர். சிறார்க்கு அதனினும் மிகும்.

இங்கே ஓர் ஐயம் நிகழும். மூளையின் அடித்தண்டே குருதியிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவறிந்து மூச்சை நடத்துமாயின், உயிர் என்றும் இறைவன் என்றும் வேறு பொருள் எற்றுக்கு என மாணாக்கன் வினாவுவான். அவனைச் சினந்து அடக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. அரசனாணை ஏவலாளர் வாயிலாக நடைபெறுதல் கண்டு, அரசன் இல்லையென்பார் உளரோ? அன்றியும், பிராணவாயுவே உயிரென்பாரை மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்திலே மறுத்தருளினார். உறக்கத்திலே மூச்சு ஓய்வின்றி இயங்குகின்றது. நுகர்ச்சியும் தொழிலும் அப்போது இல்லை. ஆகவே நுகர்வதாகிய உயிர் மூச்சின் வேறென்பது பெறப்படும். சரீர சாத்திரம் மூச்சின் நெறியை எத்துணை விளக்கினும் இம்முடிபு சிதையாது. சுவாசப் பாடத்தை அஞ்சிக் கைவிடும் ஆசிரியரே மாணாக்கனை நாத்திகத்திற் செலுத்துவார்.

அறிந்ததை ஒழுக்கத்திலும் கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் வாயு சிற்றறை சேராது வழியிலே தங்கும். நிமிடத்துக்கு 15 முறை 500 மில்லிலீற்றர் உட்கொள்பவனுக்குச் சிற்றறையிற் சேர்வது 5,250. அதனையே 30 முறை 250 ஆக மேலோட்டமாக உட்கொள்பவனுக்கு 3,000 மாத்திரமே. ஆதலால் கூனியிருந்து ஓதும் பிள்ளையை நிமிர்த்துங்கள். வகுப்பறைச் சாளரங்களைத் திறவுங்கள். எழுத்தின் பிறப்புரைத்த தொல்காப்பியர் உந்தியினின்றெழும் வளியையே முதலாகக் கொண்டார். திருமுறை ஓதுமிடத்துச் சொல்லின் நடுவே மூச்சு முறிந்தாற் பொருளும் முறியும்; பதம் முடியுமிடத்தே மூச்செடுக்கப் பழக்குங்கள். திருமூலர் மூன்றாந் தந்திரத்திலே பிராணாயாமம் கூறியருளினாரென்று, குருமுகமாகப் பயிலாத ஒருவர் பிள்ளைகளை மூச்சடக்கச் செய்தல் தகாது. இழுப்பு நோயுள்ள பிள்ளைக்கு அது தீங்காய் முடியவுங்கூடும்.

ஈற்றில் ஒன்று கூறுவேம், பொறுத்தருள்க. புகையிலை யாழ்ப்பாணத்து மண்ணிலே விளைந்து, திருவாங்கூர்வரை சென்று நம் முன்னோர்க்குப் பொருள் தந்தது. ஆயினும் அதன் புகை, மூச்சுக்குழலின் அழுக்கை மேலே தள்ளும் நுண்பிசிர்களைச் செயலறச் செய்யும், சிற்றறைச் சுவரைச் சிதைக்கும், புற்றுநோயை விளைக்கும். சிதைந்த சிற்றறை மீளத் தளிர்ப்பதில்லை. நெற்றியிலே திருநீறும் விரலிடையிலே சுருட்டுமாகப் பாடசாலை வேலியருகே நிற்கும் ஆசிரியரை மாணாக்கர் காண்கின்றனர். அவர் காலையிலே கற்பித்த சரீர சாத்திரமும் சமய பாடமும் அக்கணமே பொய்யாகின்றன. பிறர் குற்றம் உரைத்தற்கு முன் நம்மிடையே உள்ள இவ்வழக்கத்தை ஒழிப்போமாக.

மூச்சு எத்தனை எஞ்சியுள என்பதை அறிவார் எவருமிலர். கேளாமலே அருளப்பட்ட மூச்சை, ஐந்தெழுத்தை ஓதுதற்கும் பிள்ளைகளுக்கு நல்லறிவு புகட்டுதற்கும் செலவிடுதலே அதற்குக் கைம்மாறு.

திருச்சிற்றம்பலம்.