இருபத்தெட்டு நாள்

நாய்க்கடி ஊசிச் சீட்டில் நான்கு நாட்கள்: 0, 3, 7, 28. எலவனாசூர்கோட்டையில் ஓர் ஆயா, பேரனின் சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்தபடி நர்ஸிடம் கேட்டார்: “நல்ல மருந்துதானேம்மா?”

“நல்ல மருந்துதான் ஆயா.”

தோலுக்குள் 0.1 மில்லி. கொசு கடித்தாற்போல் சிறு தடிப்பு எழுந்தது. அடுத்த தோளிலும் அப்படியே.

*

அந்த ‘நல்ல’ எங்கிருந்து வருகிறது? குன்னூர் பாஸ்டர் நிறுவனம் ஒரு காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து இந்தத் தடுப்பூசியைச் செய்தது. பிறகு வந்தது வீரோ செல். 1962-இல் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட வம்சம். செல்லில் வளர்க்கும் எந்த மருந்துக்கும் ஒரே பயம்தான்: அழைக்காத வைரஸ் புகுந்தால் அதுவும் கூடவே வளரும். 1955 முதல் 1963 வரை போட்ட போலியோ தடுப்பூசிகள் சிலவற்றில் எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸ் இருந்தது.

*

அப்படிப் புகுந்த வைரஸைத் தேடும் பழைய சோதனை பொறுமையானது. மாதிரியை வேறு செல்கள்மேல் ஊற்றி, பெரும்பாலும் 28 நாள், மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தட்டில் ஒட்டிப் படர்ந்திருக்கும் செல்கள் உருண்டு, பிடி விட்டு மிதக்கின்றனவா என்று. எலிக்குட்டிகளுக்கும் முட்டைக் கருவுக்கும் கூடச் செலுத்துவார்கள். சீட்டிலும் 28, அங்கும் 28. தற்செயல்தான், ஆனாலும் மனம் அதிலேயே நிற்கிறது.

*

பிசிஆர் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். கொரோனாவில் மூக்கில் குச்சி விட்டதால் அந்தப் பெயர் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த வைரஸைக் கேட்கிறோமோ அதற்குத்தான் பதில் வரும். 2009-இல் அமெரிக்காவின் ஜென்சைம் மருந்து ஆலையில் வெசிவைரஸ் 2117 புகுந்தது. வழக்கமான சோதனைகளில் சிக்கவில்லை. அதற்கென்றே தனிச் சோதனை வைத்த பிறகுதான் தெரிந்தது. ஆலையை நிறுத்திக் கழுவினார்கள். அந்த ஆலையின் மருந்தை நம்பியிருந்த, கோஷே என்ற அரிய நோய் உள்ளவர்களுக்கு அதை அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. மனிதனுக்குத் தீங்கு செய்வதாக அறியப்படாத வைரஸ் அது. மருந்தை எதிர்பார்த்திருந்தவர்களை எண்ணும்போது, நாட்களை மிச்சப்படுத்துவதும் வைத்தியம்தான் என்று நம்புகிறேன்.

*

மரபணு வரிசையை மொத்தமாகப் படிக்கும் முறைக்குச் சந்தேகப்பட்டியல் தேவையில்லை. நான் அதிகம் மதிப்பது அந்தக் குணத்தை, வேகத்தை அல்ல. 2010-இல் ரோட்டாரிக்ஸ் தடுப்பூசியில் பன்றி வைரஸின் தடயத்தைக் காட்டியது அதுதான். மருந்துகளின் வைரஸ் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஐசிஎச் க்யூ5ஏ வழிகாட்டியின் நவம்பர் 2023-இல் இறுதியான திருத்தம், விலங்குச் சோதனைக்குப் பதிலாக அதை ஏற்கிறது. ஆனால் அது வெறும் துண்டையும் படித்துவிடும். அகப்பட்டது உயிர்ப்புள்ள வைரஸா, செத்துப்போனதன் மிச்சமா என்ற கேள்வி எழுந்தால், மறுபடியும் செல்லில் ஊற்றி, வளர்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.