உட்கார்ந்தபடியே வரிசையைத் தாண்டுவது

எனக்குச் செருப்பு தேய்வதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் வாங்கிய ஜோடி, அடியில் விலை ஸ்டிக்கரோடு அப்படியே இருக்கிறது. கல்யாண வீட்டில் சேர் பிடிக்க ஓடவேண்டியதில்லை. சொந்த நாற்காலியோடு போகிற ஒரே விருந்தாளி நான்தான். இந்த ஜோக்குகளை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். எதிரில் இருப்பவர் முகத்தில் அந்த ‘ஐயோ பாவம்’ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சலுகையைப் பற்றி மட்டும் எனக்கு ஜோக் வருவதில்லை. கோயில் வரிசை.

போன வருஷம் சித்தி குடும்பத்தோடு ஒரு பெரிய கோயிலுக்குப் போனோம். வீல்சேரைப் பார்த்ததும் காவலாளி கயிற்றை அவிழ்த்தார். என்னைத் தள்ள ஒரு ஆள் போதும். அன்றைக்கு ஏழு பேர் தள்ளினார்கள். “உன் தயவுலதான்டா இவ்ளோ நல்ல தரிசனம்” என்றாள் சித்தி. கம்பிக்கு அந்தப் பக்கம், தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டே ஒரு பெண் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, சும்மா பார்த்தார். யோசித்துப் பாருங்கள், அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்தபடி காத்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான். என்னைத்தான் முதலில் விட்டார்கள்.

அப்படியென்றால் நான் செய்தது அநியாயமா? வீட்டுக்கு வந்தும் மண்டைக்குள் இதுவே ஓடியது. நான் வரிசையில் போகாததற்குக் காரணம் என் கால் இல்லை. அந்த இரும்புக் கம்பி வளைவுகளில் சக்கரம் திரும்பாது, நடுவில் மூன்று படி வேறு. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் ஒரு சாய்தளம் போட்டு, கம்பிகளைக் கொஞ்சம் தள்ளி நட்டிருந்தால், நானும் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் காத்திருந்திருப்பேன். பொது இடங்களுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்பதும் இதைத்தான். சாய்தளம் இல்லாததற்கான நஷ்டஈடு எனக்குக் கிடைத்தது. கொடுத்தது கோயில் இல்லை, அந்தப் பெண்.

மெரினாவில் 2022 நவம்பரில் கடல் வரைக்கும் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்த, பிறகு சரிசெய்தார்கள். நான் போன அன்று செல்ஃபி எடுப்பவர்கள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். “கொஞ்சம் வழி விடுங்க” என்று கத்திக் கத்தி, எல்லோரோடும் சேர்ந்து கால் மணி நேரம் நெரிசலில் மாட்டிக்கொண்டேன். எனக்காக யாரும் கயிறு அவிழ்க்கவில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

நேற்று சித்தி போன் செய்தாள். “அடுத்த மாசம் கோயிலுக்குப் போறோம். நீ கண்டிப்பா வரணும்டா.”

“கூட்டம் ஜாஸ்தியா இருக்குமா சித்தி?”

“அதுக்குத்தானேடா உன்னைக் கூப்பிடுறேன்!”

சிரித்துவிட்டேன். வருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.