கதவைத் திறக்கும் கை

பிரித்தானியாவில் வீட்டுப் பாவனைக்குப் பியர் காய்ச்சுவோரும் 1963ஆம் ஆண்டுவரை உரிமப் பத்திரம் பெறவேண்டியிருந்தது. அக்கட்டுப்பாடு நீங்கியபின் பலர் அதனை ஒரு கைப்பணியாகவே பழகிக்கொண்டனர். நிலவறை இல்லாத வீட்டார் சிலர், கழித்துவிட்ட குளிர்சாதனப் பெட்டியின் தட்டுகளைக் கழற்றிப் பீப்பாவை உள்ளே வைத்து, அதனையே நிலவறையாக்கிக் கொள்கின்றனர். வீணாகப் போகவிருந்த பொருளுக்கு மறுவாழ்வு. இதில் ஒழுக்கவியலுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம்.

முன்னாளில் பருவமே காவலாக நின்றது. பவேரியாவில் 1553ஆம் ஆண்டுக் கட்டளையொன்று, புனித மிக்கேல் திருநாளாகிய செப்டெம்பர் 29 முதல் புனித யோர்ஜியார் திருநாளாகிய ஏப்ரல் 23 வரையே பியர் காய்ச்சலாம் என விதித்தது. கோடையில் காய்ச்சியது எளிதில் பழுதாகிவிடும். பின்னர், 1870களில், காள் வொன் லிண்டே என்ற பொறியியலாளர் பியர் ஆலைகளுக்கெனக் குளிரூட்டும் இயந்திரம் அமைத்தார். பருவத்தின் தடை தளர்ந்தது. ஆகவே பழைய குளிர்சாதனப் பெட்டி பியர் நிலவறையாவது ஒருவகையில் தாய்வீடு திரும்புவதே.

வெளியே நின்ற தடை அகன்றபின் அவ்விடத்தில் எது நிற்கவேண்டும்? இதுவே நம் வினா.

விடையின் பாதியை அப்பெட்டியே சொல்கிறது. உணவைக் காக்கும் பெட்டி ஏறக்குறைய 4 பாகை செல்சியசில் நிற்கும். ஆங்கிலேய நிலவறைக்கோ 12 பாகையளவு போதும். குளிர் மிஞ்சினால் சுவை மங்கும். எனவே வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியொன்றை வெளியே பொருத்துகின்றனர். வேண்டிய குளிர் வந்ததும் அது மின்சாரத்தை நிறுத்தும். வெப்பம் ஏறினால் மீண்டும் கொடுக்கும். இயந்திரத்தை உடைத்தெறிவதுமில்லை, விட்ட போக்கில் ஓடவிடுவதுமில்லை. மட்டுமிதம் என்னும் புண்ணியமும் இத்தகையதே. புனித ஆசீர்வாதப்பரும் தம் துறவிகளுக்குத் திராட்சை இரசத்தை முற்றாக விலக்கவில்லை, அளவு குறித்தார்.

ஆனால், பீப்பாவுக்குரிய கருவி கடையில் கிடைக்கும். கதவைத் திறக்கும் கைக்குரிய கருவி எக்கடையில் கிடைக்கும்? ஒருவனுக்கு இப்பெட்டி பொறுமையையும் விருந்தோம்பலையும் பழக்கும். மதுவில் பலவீனமுள்ள இன்னொருவனுக்கு அதே பெட்டி பாவத்துக்கு அண்மைச் சந்தர்ப்பம். பொருளில் குற்றமில்லை என்பது மெய்யே. எனினும் அந்த மெய்யை இரண்டாமவன் தனக்குச் சாட்டாக்கலாகாது. தான் எவ்வகையினன் என்பதைத் தானே தீர்மானிப்பவன் ஏமாறுவது எளிது. மனைவி மக்களைக் கேட்கட்டும். அவர்களது மௌனமும் ஒரு பதிலே.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மிகப் பழைய பெட்டிகளின் கதவு கொளுக்கியால் பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். விளையாட்டாக உள்ளே ஒளிந்த குழந்தைகள் மூச்சடைத்து மாண்டதுண்டு. உள்ளிருந்தும் திறக்கக்கூடிய கதவு வேண்டுமென அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1956இல் சட்டமியற்றின. அத்தகைய பெட்டியை வைத்திருப்போர் முதலில் கொளுக்கியைக் கழற்றிவிட வேண்டும்.

பழக்கமும் அப்படிப்பட்ட கதவே. நுழைவது எளிது, உள்ளிருந்து திறப்பது அரிது. ஒரு தவக்காலம் முழுவதும் அப்பெட்டியைத் திறவாதிருக்க முடிகிறதா என்று ஒருவர் சோதித்துப் பார்க்கட்டும். முடிந்தால் அவர் வீட்டிலிருப்பது நிலவறை. முடியாவிட்டால், உள்ளே அடைபட்டிருப்பது பீப்பா மட்டுமன்று, அவரும்தான்.