தேடாமல் தெரிந்த கட்டி



ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர், சிறுநீரகக் கல் என்ற சந்தேகத்தில் கண்டிக்குச் சென்று ஸ்கேன் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கல் இல்லை, ஆனால் கணையத்தில் சிறு கட்டியொன்று தென்படுகிறது. அதனால் வலியில்லை, வாட்டமில்லை. "சும்மா கிடப்பதை ஏன் கத்தி வைத்துக் கிளறவேண்டும்?" என்கின்றனர் லயத்துப் பெரியவர்கள். "உடனே வெட்டி எடுக்கட்டும், அம்மாவிடம் மட்டும் சொல்லாதீர்கள்" என்கிறான் கொழும்பில் வேலை செய்யும் மகன். எது சரி?

முதலில் உண்மையை அறிவோம். இரைப்பைக்குப் பின்னே மறைந்திருப்பது கணையம். அங்கே தற்செயலாகத் தெரிவன எல்லாம் புற்றுநோயல்ல. நீர் நிறைந்த சிறு கட்டிகளில் பெரும்பாலானவற்றை, குறித்த காலத்தில் மீண்டும் ஸ்கேன் செய்து கவனித்துவந்தால் போதும். சில பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடும். கெட்டியான கட்டியானால் தாமதியாது ஆராயவேண்டும். சத்திரசிகிச்சையோ இலேசானதன்று. கணையத்தின் தலைப்பகுதியை எடுப்பதாயின், சிறுகுடலின் முற்பகுதியையும் பித்தப்பையையும் சேர்த்தெடுத்து, மீதியை இணைக்கவேண்டும். தேர்ந்த கைகளிலும் நூற்றுக்குச் சிலர் இறப்பதுண்டு. பிழைத்தவர்களில் சிலருக்கு நீரிழிவு வருவதுமுண்டு.

2003 ஒக்டோபரில் அமெரிக்காவின் 'அப்பிள்' நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸுக்கும் இவ்வாறே நேர்ந்தது. சிறுநீரகத்தைப் பார்க்க எடுத்த ஸ்கேனில் கணையக் கட்டி தெரிந்தது. அது மெதுவாக வளரும் அரிய வகை. அறுத்தெடுக்கும்படி வைத்தியர்கள் கூறினர். அவரோ ஒன்பது மாதம் பத்தியத்தையும் மாற்று வைத்தியத்தையும் நம்பியிருந்து, 2004 ஜூலையில்தான் இணங்கினார். 2011 ஒக்டோபர் 5இல் காலமானார். முன்னரே அறுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவரைத் தடுத்தது பணமல்ல, மனமே.

உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கைக்கொள்ள மனிதன் கடமைப்பட்டவன்; தனக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகும் வழிகளுக்குக் கட்டுப்பட்டவனல்லன் என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இல் வைத்தியர்களுக்கு விளக்கினார். ஆகவே, நன்கு ஆலோசித்துக் கத்தியை ஏற்பதும் தகும். முதுமையிலும் பலவீனத்திலும் அதை மறுப்பதும் தகும். வைத்தியர் குறித்த நாளில் போய்க் காட்டிக்கொண்டு காத்திருப்பதும் தகும். தகாதது ஒன்றே: தெரிந்ததைத் தெரியாததுபோல் மூடிவைப்பது. காத்திருப்பவர் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார். ஒளிப்பவரோ கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஆதலால், ஒரு நாள் பேர் போய்விடுமே என்று கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். ஸ்கேன் அறிக்கையைத் தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டாதீர்கள். முக்கியமாக, அம்மாவிடம் சொல்லுங்கள். உடல் அவருடையது, தீர்மானிக்கும் உரிமையும் அவருடையதே. அருகிலிருந்து கையைப் பிடித்துக்கொள்வது பிள்ளைகளின் பங்கு.